பெனிஸிலினை அழிக்கும் கிருமிகள்

கறவைப் பசுவின் மடிவீக்கத்திற்குப் பெனிஸிலின் செலுத்தியும் குணங்காணாதபோது, மருந்து போலியென்று குடியானவர்கள் கருதுவதுண்டு. மருந்து நல்லதாயிருந்தும் பலியாமைக்குக் கிருமியே காரணமாயிருக்கலாம். சில பாக்டீரியாக்கள் பெனிஸிலினேஸ் என்னும் நொதியை உண்டாக்கி அம்மருந்தைச் சிதைக்கின்றன. ஆக்ஸ்போர்டில் ஆபிரகாம், செயின் என்னும் இருவர், மருந்து வழக்கில் பரவுமுன்னரே, 1940-ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டனர்.

பெனிஸிலின் மூலக்கூறில் நான்கு அணுக்களாலான வளையமொன்றுண்டு. கிருமி தன் மேற்சுவரைக் கட்டவொட்டாமல் தடுப்பது அவ்வளையமே. மேற்படி நொதி நீரைத் துணைக்கொண்டு அதனை அறுத்துவிடுகிறது. அறுந்த மருந்து வெறும் சக்கை. நொதியோ செலவாவதில்லை, ஒன்றை அறுத்தவுடன் அடுத்ததைப் பற்றுகிறது. ஆகையால் மருந்தின் அளவைக் கூட்டுவதால் மட்டும் பெரும்பாலும் பயனில்லை. போதாக்குறைக்கு, இந்நொதியை உண்டாக்கும் மரபுக்கூறு ஒரு கிருமியிலிருந்து மற்றொன்றிற்குச் செல்லவுங்கூடும்.

எனவே பாலைச் சோதிப்பித்து, மிருக வைத்தியர் குறிக்கும் மருந்தையே அவர் சொன்ன நாள்வரை செலுத்துதல் வேண்டும். இந்நொதிக்கு எளிதில் இளகாத கிளாக்ஸஸிலின் போன்ற மருந்துகளும் உண்டு. மருந்துச் சீட்டிற் கண்ட கெடு முடியும்வரை அப்பாலை விற்றலாகாது. பெனிஸிலின் கலந்த பாலில் உறையிட்டாலும் சரிவரத் தோயாது. வீணாகிறதேயென்று கன்றுக்கு ஊற்றுவதும் தவறு. அதன் குடலில் மருந்துக்கடங்காத கிருமிகள் பெருக இடமுண்டாகும்.