அடுத்த வில் எது? வாங்குவோரைக் குழப்பும் ஏழு நம்பிக்கைகள்

வில் என்றாலே நமக்குக் கனம்தான் நினைவுக்கு வரும். ஜனகன் வைத்திருந்த வில்லை அரசர்கள் பலரால் அசைக்கக்கூட முடியவில்லை. ராமன் எடுத்தான், வளைத்தான், ஒடித்தான். வல்வில் ஓரி விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி என்று வரிசையாகத் துளைத்துக்கொண்டு போய்ப் புற்றிலிருந்த உடும்பில் தைத்தது என்கிறது புறநானூறு. கதைக்கு இது அழகு. அதே கதையை மனத்தில் வைத்துக்கொண்டு வில் வாங்கக் கடைக்குப் போனால் பணமும் போகும், தோளும் போகும்.

‘மரபு வில்’ என்ற பெயரே புதிதுதான். அமெரிக்காவின் மிசௌரியைச் சேர்ந்த ஹாலெஸ் வில்பர் ஆலன், சக்கரம் பூட்டிய காம்பவுண்ட் வில்லுக்கு 1966-இல் காப்புரிமை கேட்டு 1969-இல் பெற்றார். அது பரவிய பிறகுதான், சக்கரமில்லாத வில்லைத் தனியாகச் சுட்ட ஓர் அடைமொழி தேவைப்பட்டது. நேராக நீண்ட லாங்போ எனும் நெடுவில், நுனி முன்பக்கம் வளைந்த ரிகர்வ், குதிரைமேலிருந்து எய்யும் குட்டை வில் எல்லாம் இந்த வகையில் அடங்கும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி காட்டு விலங்குகளை வேட்டையாடுவது குற்றம். இங்கே வில் இலக்குப் பலகைக்கு மட்டும்தான். நெடுவில்லுக்குப் பேர்போன பிரிட்டனிலும் வில் வேட்டைக்குத் தடை உண்டு. கீழே வேட்டை பற்றி வருவதெல்லாம், உரிமம் பெற்று வில் வேட்டையாடச் சட்டம் இடம்தரும் அமெரிக்கா போன்ற நாடுகளுக்கு உரியவை.

நம்பிக்கை 1: பலமான வில்தான் நல்ல வில், அடுத்த வில் இன்னும் பலமாக இருக்க வேண்டும்

உண்மை: வில்லின் பலத்தை ‘டிரா வெயிட்’ என்கிறார்கள். நாணை முழுக்க இழுத்து நிறுத்தும்போது விரல்கள் தாங்கும் எடை அது, பவுண்டில் சொல்வார்கள். இந்த நம்பிக்கைக்காரர்கள் தவறாமல் காட்டும் சாட்சி ‘மேரி ரோஸ்’. 1545-இல் மூழ்கி, 1982-இல் கடலடியிலிருந்து தூக்கப்பட்ட இந்த ஆங்கிலேயப் போர்க்கப்பலில் 137 முழு வில்கள் கிடைத்தன. அவற்றின் டிரா வெயிட் சுமார் 100 முதல் 185 பவுண்டு வரை இருக்கலாம் என்பது கணிப்பு.

சாட்சி சரிதான், ஆனால் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். அதே கப்பலில் கிடைத்த எலும்புக்கூடுகள் பலவற்றில் தோள்முனை எலும்பு இயல்பாக ஒட்டிச் சேராமலே இருந்தது. சிறு வயதிலிருந்து கனத்த வில்லை இழுத்து இழுத்து உடம்பே மாறியதன் தடயம் அது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்த வில்லை நாம் வாங்கிவிடலாம். சிறு வயதிலிருந்து வந்த அந்தப் பழக்கத்தை எந்தக் கடையில் வாங்குவது?

வேட்டைக்காவது கனம் வேண்டாமா? இஷியைக் கேட்க வேண்டிய கேள்வி இது. யாஹி இனத்தின் கடைசி மனிதராக 1911-இல் கலிபோர்னியாவின் ஓரோவில் ஊருக்கு வந்து சேர்ந்தவர் அவர். மருத்துவர் சாக்ஸ்டன் போப் அவரிடமே வில்வித்தை கற்றார். அமெரிக்காவின் இன்றைய வில் வேட்டை மரபு பெரிதும் அந்த நட்பிலிருந்து கிளைத்தது. இஷியின் வில், தசைநார் ஒட்டிய ஜூனிப்பர் மரக்குச்சி. போப் அளந்தபோது சுமார் 45 பவுண்டு. இஷியின் வித்தை தோளில் இல்லை. சத்தமில்லாமல் மானை நெருங்குவதில், அல்லது மானையே தன் பக்கம் வரவழைப்பதில் இருந்தது.

அம்பு துப்பாக்கிக் குண்டைப்போல அதிர்ச்சியால் கொல்வதில்லை. அலகு வெட்டி, ரத்தம் வடிந்து விலங்கு விழுகிறது. தீட்டிய அலகு சரியான இடத்தில் பாய 40 முதல் 50 பவுண்டு போதும். அமெரிக்க மாநிலங்கள் பலவும் மானுக்குக் குறைந்தபட்சமாக 35 அல்லது 40 பவுண்டுதான் கேட்கின்றன. புதிதாகத் தொடங்கும் பெரியவர்களுக்கு 25 முதல் 35 வரை சரியாக இருக்கும்.

தாங்க முடியாத வில்லை எடுத்தவர்களைப் பார்த்தாலே தெரியும். தோள் காதுவரை ஏறும். நாண் தாடைக்கு வந்து சேருமுன்னே விரல் விட்டுவிடும். இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் பிறகு இலேசான வில்லைக் கொடுத்தாலும் போகாது. அதனால் அனுபவசாலிகள் பலர் ‘அடுத்த வில்’ என்று தேடுவது முந்தையதைவிட ஐந்து, பத்து பவுண்டு குறைந்த வில்லை.

நம்பிக்கை 2: வில்லில் எழுதியிருக்கும் எண்தான் நீங்கள் இழுக்கும் எடை

உண்மை: வில்லில் ‘45’ என்று எழுதியிருந்தால், 28 அங்குலம் இழுக்கும்போது 45 பவுண்டு என்று பொருள். எல்லாருக்கும் 28 வராது. இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, ஒரு விரல்நுனியிலிருந்து மறு விரல்நுனிவரை அளந்து 2.5-ஆல் வகுத்தால் உங்கள் இழுப்பு நீளம் தோராயமாகக் கிடைக்கும். கைவீச்சு 65 அங்குலம் உள்ளவருக்கு 26 அங்குலம். ஓர் அங்குலம் குறைந்தால் இரண்டு மூன்று பவுண்டு குறையும். ஆக அந்த 45 பவுண்டு வில் இவர் கையில் ஏறத்தாழ 40தான். உயரமானவர் 30 அங்குலம் இழுத்தால் அதே வில் 50-ஐ எட்டிவிடும்.

சட்டம் 40 பவுண்டு கேட்கும் மாநிலத்தில் இந்தக் கணக்கு சின்ன விஷயமில்லை. வாங்குமுன் உங்கள் இழுப்பு நீளத்தில் வில்லை நிறுத்தி, தராசில் எடை பார்த்துத் தரச் சொல்லுங்கள்.

நம்பிக்கை 3: ஒரே வில் காட்டுக்கும் போதும், களத்துக்கும் போதும்

உண்மை: போதும், ஆனால் ஒன்றில் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். மரத்தின்மேல் மேடையிலோ புதருக்குள்ளோ உட்கார்ந்து எய்பவருக்கு 58, 60 அங்குல வில் இடிக்காமல் திரும்பும். அதே வில்லைக் களத்தில் நாள் முழுக்க எய்தால் குட்டை நாண் விரல்களைக் கிள்ளும். இழுப்பின் கடைசி அங்குலங்களில் எடை சட்டென்று ஏறும். சின்னப் பிழையும் பலகையில் பெரிதாகத் தெரியும். இலக்குக்கு 66, 68 அங்குலமும் கனத்த நடுப்பிடியும் கை நடுங்காமல் நிறுத்த உதவும்.

இலக்கு என்பதும் ஒன்றல்ல. உலக வில்வித்தைக் கூட்டமைப்பில், குறிக்கருவி இல்லாமல் எய்யும் பேர்போ பிரிவில் திறந்தவெளிப் போட்டி 50 மீட்டரில். ஜப்பானிய கியூடோவில் 28 மீட்டர், வில் இரண்டு மீட்டருக்கும் நீளம். கொரிய மரபில் 145 மீட்டர், வில்லோ குட்டை. எதை எய்யப் போகிறோம் என்று முடிவாகாமல் எது நல்ல வில் என்று கேட்பதில் பயனில்லை.

இரண்டும் வேண்டுமென்றால் கழற்றிப் பூட்டும் ‘டேக்டவுன்’ வில் நல்ல வழி. ரைசர் எனும் நடுப்பிடி ஒன்று. லிம்ப் எனும் கைகள் இரண்டு ஜோடி. பயிற்சிக்கு 30 பவுண்டு, வேட்டைக் காலத்துக்கு 42. ஐ.எல்.எஃப். என்ற பொது அமைப்பில் உள்ளதாக வாங்கினால் ஒரு கம்பெனி ரைசரில் இன்னொரு கம்பெனி லிம்பும் பொருந்தும்.

நம்பிக்கை 4: மரத்தால் மட்டும் செய்ததே மரபு, ஃபைபர் ஒட்டியது போலி

உண்மை: பல பொருள்களை ஒட்டி வில் செய்வதே பழைய மரபுதான். துருக்கியர், மங்கோலியர், கொரியர் வில்களில் வில்லாளியைப் பார்க்கும் வயிற்றுப் பக்கம் அமுக்கத்தைத் தாங்கக் கொம்பு, இலக்கைப் பார்க்கும் முதுகில் இழுவையைத் தாங்கத் தசைநார், நடுவில் மரம் அல்லது மூங்கில். ஆங்கில நெடுவில்கூட ஒரே மரத்துக்குள் இதே வேலையைச் செய்தது: யூ மரத்தின் வெளி வெள்ளை முதுகுக்கு, உள் வைரம் வயிற்றுக்கு. அந்த யூ மரமும் பெரும்பாலும் ஐரோப்பாவின் பிற பகுதிகளிலிருந்து வந்தது. சரக்கோடு வரும் கப்பல்கள் ஒவ்வொரு ‘டன்’ அளவுக்கும் நான்கு வில்மரம் கொண்டுவர வேண்டும் என்று 1472-இல் இங்கிலாந்தில் சட்டமே போட்டார்கள்.

மரத்தோடு கண்ணாடி இழை ஒட்டும் முறை இருபதாம் நூற்றாண்டின் நடுவில், ஃப்ரெட் பேர் போன்ற அமெரிக்க வில் தயாரிப்பாளர்களால் பரவியது. இன்று மரபு வில் என்று விற்பவை பெரும்பாலும் இந்த வகைதான். முழு மரவில் தொட இனிமையாக இருக்கும். ஆனால் ஈரத்துக்கும் வெயிலுக்கும் தக்கபடி அதன் குணம் மாறும். அதைப் பேண விருப்பம் உள்ளவருக்கு அது. அடிக்கடி எய்ய விரும்புபவருக்கு ஒட்டுவில்.

நம்பிக்கை 5: வில் நன்றாக அமைந்தால் அம்பு எதுவானாலும் போகும்

உண்மை: வில்லைவிட அம்பில்தான் அதிகம் தவறுகிறார்கள். நாண் தள்ளும்போது அம்பு நேராகப் பாய்வதில்லை. மீனைப்போல நெளிந்து, வில்லின் நடுப்பிடியைச் சுற்றிக்கொண்டு வெளியேறுகிறது. 1930-களில் இயற்பியலாளர் கிளாரன்ஸ் ஹிக்மன் அதிவேகக் கேமராவில் இதைப் படம்பிடித்துக் காட்டினார். அம்பு வளையும் அளவு வில்லுக்குப் பொருந்தினால் அது இலக்கின் கோட்டுக்குத் திரும்பும். பொருந்தாவிட்டால், வலக்கை வில்லாளிக்கு விறைப்பு மிகுந்த அம்பு இடப்பக்கமும், நெகிழ்வு மிகுந்தது வலப்பக்கமும் விலகும்.

இந்த விறைப்புக்கு ‘ஸ்பைன்’ என்று பெயர். அம்புத்தண்டை 28 அங்குல இடைவெளியில் இரு முனையிலும் தாங்கி, நடுவில் 880 கிராம் தொங்கவிட்டு எவ்வளவு தொய்கிறது என்று பார்க்கிறார்கள். அரை அங்குலம் தொய்ந்தால் 500 ஸ்பைன். எண் குறையக் குறைய விறைப்பு கூடும். தண்டின் நீளமும் முனையின் எடையும் இதை மாற்றும். அதனால் வெவ்வேறு ஸ்பைனில் இரண்டிரண்டு அம்பு வாங்கி எய்து பார்த்த பிறகே ஒரு டஜன் வாங்க வேண்டும். புதிய வில்லுக்குப் பணம் ஒதுக்கும்போதே அம்புக்கும் ஒரு பங்கு எடுத்து வையுங்கள்.

நம்பிக்கை 6: வேட்டைக்கு வேகமான வில்லே வேண்டும்

உண்மை: கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மரபு வில்லின் அம்பு நொடிக்குச் சுமார் 50 மீட்டர் போகும். 18 மீட்டரில் நிற்கும் மானை அடைய 0.36 நொடி. நாண் அதிரும் ஒலி நொடிக்கு 340 மீட்டர் வேகத்தில் 0.05 நொடியிலேயே அதன் காதுக்குப் போய்விடும். மிச்ச நேரத்தில் மான் குனிந்து பாயத் தயாராகிவிடும். பத்து சதவீதம் வேகமான வில் வாங்கினால் மிச்சமாவது 0.03 நொடி.

வேகத்தைவிட அமைதி முக்கியம். அதே வில்லில் கனமான அம்பு வைத்தால் வில்லின் ஆற்றலில் அதிகப் பங்கை அது எடுத்துக்கொண்டு போகும். வில்லில் அதிர மிச்சம் குறையும், சத்தமும் குறையும். ஒரு பவுண்டுக்குப் பத்து கிரெயின் என்பது வேட்டைக்காரர்கள் சொல்லும் பழைய கணக்கு: 45 பவுண்டு வில்லுக்கு 450 கிரெயின், அதாவது சுமார் 29 கிராம்.

நம்பிக்கை 7: பழைய வில் வாங்கினால் ஏமாறுவது நிச்சயம்

உண்மை: பார்க்கத் தெரிந்தால் இல்லை. நாண் ஏற்றி, பின்பக்கமிருந்து ஒரு கண்ணால் பாருங்கள். நாண் இரு கைகளின் நடுவில் ஓடாமல் ஒதுங்கினால் முறுக்கு விழுந்திருக்கிறது. ஓரங்களில் பஞ்சுருண்டையைத் தேய்த்துக்கொண்டே வந்தால், விரிசல் இருக்குமிடத்தில் இழை சிக்கும். அம்பு வைக்காமல் நாணை இழுத்து விட்டதுண்டா என்று கேளுங்கள். அம்புக்குப் போக வேண்டிய ஆற்றல் அத்தனையும் வில்லுக்குள்ளேயே திரும்பி அதை உடைக்கும். வெயிலில் மூடிய காரில் கிடந்த ஒட்டுவில்லின் பசையை நம்ப முடியாது. நுனி வலுவூட்டாத பழைய வில்லுக்கு நீளாத புதுவகை நாண் ஆகாது. சற்றே இளகிக்கொடுக்கும் டேக்ரான் நாண்தான் சரி.

வாங்குமுன் ஒரு சோதனை

கடையில் முதல் இழுப்பில் எந்த வில்லும் இலேசாகத்தான் இருக்கும். பார்க்க நாலு பேர் இருந்தால் இன்னும் இலேசு. அதனால் நின்றபடி இழுக்காதீர்கள். நாற்காலியில் உட்கார்ந்து, இரு பாதங்களையும் தரையிலிருந்து தூக்கி, அம்பு வைத்த வில்லை இலக்கை நோக்கி மெதுவாக இழுங்கள். உடம்பு ஆடாமல், வில்லை மேலே தூக்கிக் குத்தாமல், நாண் தாடையைத் தொட வேண்டும். ஐந்து எண்ணும்வரை அங்கே நிற்க வேண்டும். பிறகு அம்பை விடாமலே மெதுவாகத் திருப்பிக் கொண்டுவர வேண்டும்.

குளிரில் இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்த உடம்பு, மான் வந்ததும் செய்ய வேண்டியது இதைத்தான். கோணம் சரியில்லை என்றால் எய்யாமல் விட்டுவிடவும் இதே பலம்தான் வேண்டும். களத்தில் அறுபதாவது அம்புக்கும் இதே கணக்கு. நாணைத் திருப்பிக் கொண்டுவரும்போது கை நடுங்கினால் அந்த வில்லை வைத்துவிட்டு ஐந்து பவுண்டு குறைந்ததைக் கேளுங்கள்.