வண்டி இன்ஷூரன்ஸ்: அடுத்தவருக்கு நாம் தர வேண்டிய உரிமை



நம் பாலவாக்கத்தில் ஸ்கூட்டரோ பைக்கோ இல்லாத வீடு குறைவு. பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதும், வேலைக்குப் போவதும், ஜும்ஆவுக்கு விரைவதும் அதில்தான். ஆனால் அந்த வண்டியின் இன்ஷூரன்ஸ் எந்தத் தேதியில் முடிகிறது என்று கேட்டால் பலருக்கு உடனே சொல்லத் தெரிவதில்லை. ஆகவே இந்த இதழில் அதைப் பற்றிப் பார்ப்போம்.

சட்டம் கேட்பது என்ன?

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆவது பிரிவுப்படி, சாலையில் ஓடும் வண்டிக்குத் 'தேர்டு பார்ட்டி' இன்ஷூரன்ஸ் கட்டாயம். இல்லாமல் ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம், அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுமுறை அபராதம் 4,000 ரூபாய்.

அபராதம் கூடச் சிறிய விஷயம்தான். நம் வண்டி மோதி ஒருவர் இறந்தாலோ ஊனமுற்றாலோ, அவருடைய வயது, வருமானம், அவரை நம்பியிருப்போர் ஆகியவற்றைப் பார்த்து விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் தொகையை முடிவு செய்யும். அது பல லட்சம் ஆகலாம். பாலிசி நடப்பில் இருந்தால் கம்பெனி கட்டும். விபத்துக்கு முந்தைய நாளே பாலிசி முடிந்திருந்தால் வண்டியின் உரிமையாளரே கட்ட வேண்டும். அவரால் முடியாவிட்டால், பாதிக்கப்பட்ட குடும்பம் வெறுங்கையோடு நிற்கும்.

மார்க்கத்தின் பார்வை

தவறுதலாக ஓர் உயிர் போனாலும் அந்தக் குடும்பத்துக்கு நஷ்டஈடு தர வேண்டும் என்பதை சூரத்துன் நிஸாவின் 92-ஆவது வசனம் நமக்குக் கற்றுத் தருகிறது. அடியார்களின் உரிமையை, அதாவது ஹக்குல் இபாதை, அவ்வளவு கண்டிப்பாகப் பேணச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. இன்ஷூரன்ஸில் வட்டியும் நிச்சயமற்ற தன்மையும் கலந்திருப்பதால் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. சட்டம் கட்டாயமாக்கிய அளவை நிர்ப்பந்தம் என்ற அடிப்படையில் பலர் அனுமதித்துள்ளனர். அதற்கு மேல் விருப்பப்பட்டு எடுப்பது பற்றி உங்கள் இமாமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

எவ்வளவு செலவாகும்?

தேர்டு பார்ட்டி கட்டணத்தை அரசுதான் நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த பட்டியலின்படி, 75 முதல் 150 சிசி வரையுள்ள இருசக்கர வண்டிக்கு ஆண்டுக்கு 714 ரூபாய். 1,000 சிசிக்கு உட்பட்ட காருக்கு 2,094 ரூபாய், 1,000 முதல் 1,500 சிசி வரை 3,416 ரூபாய். இதோடு 18 சதவீத ஜிஎஸ்டி சேரும். உரிமையாளரே ஓட்டும்போது அவருக்கு விபத்து நேர்ந்தால் 15 லட்சம் ரூபாய் வரை தரும் தனிநபர் விபத்துக் காப்பீட்டுக்குத் தனிக் கட்டணம்.

கவனிக்க வேண்டியவை

1. புதிய பைக்குக்கு 5 ஆண்டு, காருக்கு 3 ஆண்டு தேர்டு பார்ட்டி பாலிசி சேர்த்தே தரப்படுகிறது. சொந்த வண்டியின் சேதத்துக்கான பகுதி பெரும்பாலும் ஓராண்டிலேயே முடிந்துவிடும். இரண்டு தேதிகளையும் தனித்தனியே பாருங்கள்.

2. வெறும் தேர்டு பார்ட்டி பாலிசி, திருட்டுக்கோ வெள்ளச் சேதத்துக்கோ உதவாது. 2015, 2023 டிசம்பர் மழைகளை நாம் மறக்கவில்லை. முழுப் பாலிசி இருந்தாலும், தண்ணீர் புகுந்த வண்டியை ஸ்டார்ட் செய்து இன்ஜின் கெட்டால் பணம் மறுக்கப்படலாம். அதற்கு இன்ஜின் பாதுகாப்பு என்ற தனிச் சேர்க்கை வேண்டும்.

3. வெறும் தேர்டு பார்ட்டி பாலிசியில் ஸ்கூட்டரின் பின்னால் அமரும் மனைவி மக்களுக்கு இழப்பீடு மறுக்கப்படலாம். பாலிசி எடுக்கும்போதே இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

4. லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டி விபத்து நடந்தால், கம்பெனி கொடுத்த பணத்தை உரிமையாளரிடமே திரும்ப வசூலிக்க முடியும். 18 வயது ஆகாத பிள்ளையிடம் வண்டியைக் கொடுத்தால், பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் உண்டு.

5. பழைய வண்டியை விற்றால் ஆர்சி புத்தகத்தில் பெயர் மாறியதா என்று உறுதி செய்யுங்கள். பெயர் மாறாதவரை பொறுப்பு உங்கள் தலையில்தான்.

எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் இன்ஷூரன்ஸ் முடியும் தேதி தெரியும். இன்றே பாருங்கள். செயலி பழக்கமில்லாத பக்கத்து வீட்டுப் பெரியவர்களுக்கும் பார்த்துச் சொல்லுங்கள்.

அல்லாஹ் நம்மையும், நம்மால் பிறரையும், விபத்துகளிலிருந்து காப்பானாக. ஆமீன்.