டிக்கி மவுண்ட் உடைஞ்சா என்ன பண்றது? ரிப்பேர், கிளெய்ம், புது கார்: ஒரு கணக்கு

மன்னார்குடில எங்க வீட்டுல ஓடுறது 2009 மாடல் ஹேட்ச்பேக் கார். போன குறுவை சமயத்துல அப்பா டிக்கில இருந்து உர மூட்டையை இறக்கிட்டு இருந்தார். மேலே நின்ன கதவு திடீர்னு சரிஞ்சு அவர் தோள்ல விழுந்தது. கொஞ்சம் தள்ளியிருந்தா தலை. அப்புறம் நான் போட்ட கணக்குதான் இன்னைக்குப் பாடம்.

முதல்ல நான் பண்ண தப்பு

மூணு மாசம் முன்னாடியே அந்தக் கதவு சரியா நிக்கல. கேஸ் ஷாக் வீக் ஆயிடுச்சுன்னு நினைச்சு, ஒரு பக்கம் மட்டும் ₹900 கொடுத்துப் புதுசு மாட்டினேன். ஷாக் புதுசு, ஆனா அதைத் தாங்குற தகரம் பழசு!

கேஸ் ஷாக் உள்ளே நைட்ரஜன் வாயு அழுத்தத்தோட இருக்கும். கதவு மூடியிருந்தாலும் அது தள்ளிக்கிட்டேதான் இருக்கும். அந்தத் தள்ளு முழுக்க பாடில முறுக்கியிருக்கிற ஒரு சின்ன பால் போல்ட்டுல இறங்குது. அந்த இடம் மழைத் தண்ணி வடியுற பள்ளம். பொட்டாஷ் மூட்டை ஏத்துற வண்டின்னா இன்னும் மோசம், ஏன்னா பொட்டாஷும் ஒரு உப்புதான். துரு உள்ளுக்குள்ள தின்னுடுச்சு. ஒரு பக்கம் மட்டும் புது ஷாக் பலமா தள்ளினதுல, தகரம் போல்ட்டோட பிய்ஞ்சு வந்துடுச்சு.

அதனால, ஷாக் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு ஸ்க்ரூடிரைவரால போல்ட்டைச் சுத்திக் குத்திப் பாருங்க. தகரம் பொலபொலன்னு உதிர்ந்தா, செலவு பண்ண வேண்டியது ஷாக்குக்கு முன்னாடி மவுண்ட்டுக்கு.

என் முன்னாடி இருந்த நாலு வழி

1. கம்பு முட்டுக்கொடுக்கிறது. "ஒரு கம்பு வெச்சா போதும்டா, எதுக்குச் செலவு"ன்னார் அப்பா. செலவு பூஜ்யம்தான். ஆனா கம்பு வழுக்கினா அடுத்த செலவு ஆஸ்பத்திரில.

2. இன்சூரன்ஸ் கிளெய்ம். துரு, தேய்மானம் எல்லாம் பாலிசில வராது. தேர்டு பார்ட்டி மட்டும் போட்டிருந்தா கேட்கவே முடியாது. சரி, இதுவே யாரோ இடிச்சு உடைஞ்சதுன்னு வெச்சுக்குவோம். பில் ₹3,200. 1500 சிசிக்கு உட்பட்ட காருக்கு ₹1,000 நாம கட்டணும். கைக்கு வர்றது அதிகபட்சம் ₹2,200. ஆனா 50% என்.சி.பி. போயிடும். அடுத்த வருஷங்கள்ல 0, 20, 25, 35, 45ன்னு ஏறி மறுபடி 50ஐத் தொடணும். ஓன் டேமேஜ் பிரீமியம் ₹3,000ன்னு வெச்சா, இழக்கிற தள்ளுபடி மொத்தம் ₹3,750. ₹2,200 வாங்க ₹3,750 விடுறோம்!

3. புது கார். ₹5 லட்சம் கடன், 9.5% வட்டி, 5 வருஷம்: மாச இ.எம்.ஐ. சுமார் ₹10,500. வட்டி மட்டும் ₹1.3 லட்சம்.

4. ரிப்பேர். தகரம் வெட்டிப் பேட்ச் வெல்டிங், பிரைமர், பெயின்ட் ₹1,800. ஷாக் ஜோடி ₹1,400. மொத்தம் ₹3,200. இதைத்தான் தேர்ந்தெடுத்தேன். முன்னாடி வீணாக்கின ₹900 என் ஃபீஸ்னு வெச்சுக்கிட்டேன்.

பட்டறைல கவனிக்க வேண்டியது

* ஷாக்கைக் கழட்டும்போது ஒருத்தர் கதவைத் தாங்கணும். தனியா பண்ணாதீங்க.
* மரை மட்டும் போயிருந்தா புது போல்ட், நட்டு போதும். தகரம் கிழிஞ்சிருந்தா, நல்ல தகரம் வர்ற வரை வெட்டிட்டுத்தான் பேட்ச் வைக்கணும். துரு மேல வெல்டிங் நிக்காது.
* வெல்டிங்குக்கு முன்னாடி ரெண்டு ஷாக்கையும் தூரமா எடுத்து வைங்க, அதுல சூடு படக்கூடாது. பேட்டரி நெகட்டிவைக் கழட்டணும், கார்ப்பெட்டை எடுக்கணும். பெரும்பாலான கார்ல பெட்ரோல் டேங்க் பின் சீட்டுக்கு அடியிலதான், அதனால தீயணைப்பான் பக்கத்துல இருக்கட்டும்.
* பழைய ஷாக் மேல நியூட்டன் அளவு போட்டிருக்கும். அதே அளவு, அதே நீளம் வாங்குங்க. 'ஹெவி'யா இருக்கட்டும்னு கூடுதலா வாங்கினா மறுபடி தகரம் கிழியும்.
* எப்பவும் ஜோடியா மாத்துங்க. கதவு மூடியிருக்கும்போது ஷாக்கோட மெல்லிய தண்டு கீழ்ப்பக்கம் பார்க்கணும், அப்பதான் சீல் எண்ணெய்ல நனைஞ்சு ரொம்ப நாள் உழைக்கும்.

பழைய கார் வெச்சிருக்கவங்களுக்கு

15 வருஷம் தாண்டின எங்க காருக்கு ஆர்.சி. புதுப்பிக்கவே ₹5,000 ஆச்சு, பசுமை வரி தனி. இதைக் கட்டிட்டேன், இன்னும் சில வருஷம் ஓட்டணும். அதனால மாசம் ₹1,000 தனிக் கணக்குல போடுறேன். இ.எம்.ஐ.ல பத்துல ஒரு பங்குகூட இல்ல. ரிப்பேர் வந்தா அதுலேர்ந்து எடுப்பேன், வரலைன்னா அடுத்த காருக்கு முன்பணம்.

ஒண்ணு மட்டும் ஞாபகம் வைங்க. அடித்தளம், மேல்தளத் தகரம், பிரேக் மாதிரி பெரிய இடங்கள்ல துரு பரவிடுச்சுன்னா இந்தக் கணக்கு மாறிடும். அப்போ வண்டியை விடுறதுதான் லாபம்.

அப்பா தோள் இப்போ சரியாயிடுச்சு. கதவும் தானா நிக்குது. அந்தக் கம்பு மாட்டுக்கொட்டகைக்குப் போயிடுச்சு. உங்க வீட்டு கார் டிக்கியை இன்னைக்கே திறந்து, அந்த போல்ட்டைச் சுத்தி ஒரு தடவை குத்திப் பாருங்க.