வெள்ளைப் பூச்சும் வாக்குத் தாளும்
(மலாவி நாட்டுத் தேர்தல் வழக்கைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி)

தேர்தல் முடிந்த மறுநாளே, தோற்ற கட்சியார் வஞ்சகம் நடந்தது எனக் கூவுதலும், வென்ற கட்சியார் அதனைத் தோற்றவர் புலம்பல் என நகையாடுதலும் எல்லா நாடுகளிலும் காணப்படும் வழக்கமே. இவ்விருவர் கூற்றுக்கும் இடையே நின்று தவிப்போர் பொதுமக்கள். வாக்களிப்பவன் தன் சீட்டைப் பெட்டியிலிட்ட கணமே அதனோடு தன் தொடர்பை இழந்துவிடுகிறான். அது எண்ணப்பட்டதா, எண்ணியவாறே ஏட்டில் ஏறியதா என்பதனை அவன் தன் கண்ணாற் காண்பதில்லை. பிறர் சொல்லை நம்புதலன்றி அவனுக்கு வேறு வழியில்லை. அந்நம்பிக்கை குலையுமாயின் அதனை மீட்கும் வகை யாது? இவ்வினாவை ஆராயப் புகுவார்க்கு, ஆப்பிரிக்காவின் தென்கிழக்கிலுள்ள மலாவி என்னும் சிறு நாட்டில் 2019, 2020 ஆகிய ஆண்டுகளில் நிகழ்ந்த தேர்தல் வழக்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

மலாவி, முன்னர் நியாசாலாந்து என்னும் பெயரோடு ஆங்கிலேயர் ஆட்சிக்கு உட்பட்டிருந்த நாடு. ஸ்காட்லாந்து தேசத்து மிஷனரிமார் அங்கே பள்ளிகளும் மருத்துவச் சாலைகளும் நிறுவினர். அந்நாட்டின் வணிகப் பெருநகராகிய பிளாண்டயர், லிவிங்ஸ்டன் பிறந்த ஊரின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. 1964-இல் விடுதலை பெற்றபின் ஹேஸ்டிங்ஸ் பண்டா என்பார் ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஒற்றைக் கட்சி ஆட்சி நடத்தினார். எதிர்த்துப் பேசுவார் எவருமிலர் என்றிருந்த அந்நாளில், 1992-ஆம் ஆண்டு லெந்து காலத்திலே கத்தோலிக்க ஆயர்கள் ஒரு நிருபம் வரைந்து கோயில்தோறும் வாசிக்கச் செய்தனர். அதன்பின் பிரெஸ்பிடேரியன் திருச்சபையாரும் முஸ்லிம்களும் வழக்கறிஞர்களும் ஒருங்கு கூடினர். 1993-இல் பொது வாக்கெடுப்பும், 1994-இல் பல கட்சித் தேர்தலும் வந்தன. ஆகவே அந்நாட்டு மக்களுக்கு வாக்குரிமை என்பது எளிதிற் கிடைத்ததொரு பொருளன்று. இதனை நினைவில் வைத்தாலன்றிப் பின்னர் நிகழ்ந்தவற்றின் வேகம் நமக்கு விளங்காது.

2019 மே 21-ஆம் நாள் ஜனாதிபதித் தேர்தல் நடந்தது. அப்போது பதவியிலிருந்த பீட்டர் முதரிகா, சட்டப் பேராசிரியராக விளங்கியவர். அவரை எதிர்த்து நின்றவருள் ஒருவர் லாசரஸ் சக்வேரா. பல்லாண்டு ஒரு திருச்சபையின் தலைவராயிருந்து அரசியலுக்கு வந்த போதகர். மற்றொருவர் முதரிகாவின் கீழ் உபஜனாதிபதியாயிருந்த சவுலோஸ் சிலிமா. தேர்தல் கமிஷன் வெளியிட்ட முடிவின்படி முதரிகா நூற்றுக்கு 38.57 விகிதமும், சக்வேரா 35.41 விகிதமும், சிலிமா 20.24 விகிதமும் பெற்றனர். முதல் இருவர்க்கும் இடைவெளி ஏறத்தாழ 1,59,000 வாக்குகளே.

இனி, ஐயம் பிறந்த இடத்தைக் காண்போம். அந்நாட்டில் ஒவ்வொரு சாவடியிலும் வாக்குகளை எண்ணியபின், தொகையைக் கையால் ஒரு முடிவுத்தாளில் எழுதுவர். கட்சிப் பிரதிநிதிகள் அதிற் கையெழுத்திடுவர். பின் அத்தாள் தலைமைக் கணக்கிடத்துக்குச் செல்லும். ஐயாயிரம் சாவடிகளிலிருந்து இவ்வாறு தாள்கள் வந்தன. அவற்றுட் பலவற்றிலே, எழுதிய எண்ணின்மேல் வெள்ளைப் பூச்சுத் தடவி வேறு எண் எழுதப்பட்டிருந்தது. அலுவலகங்களில் எழுத்துப் பிழையை மறைக்க உதவும் 'டிப்-எக்ஸ்' என்னும் பூச்சே அது. சில தாள்களிற் கையெழுத்தில்லை. சில, மூலத்தாளாக இல்லாமல் படித்தாளாக இருந்தன. மக்கள் அத்தேர்தலுக்கு 'டிப்-எக்ஸ் தேர்தல்' என்றே பெயரிட்டுவிட்டனர்.

வெள்ளைப் பூச்சைக் கண்டவுடன் திருட்டு எனத் துணிதல் நியாயமாகுமா? ஆகாது. இரவெல்லாம் விளக்கொளியில் சீட்டெண்ணிக் களைத்த ஓர் அதிகாரி 314 என்பதனை 341 என எழுதிவிட்டுத் திருத்தியிருத்தலும் கூடும். ஆனால் நேர்மையாகத் திருத்துபவன் பழைய எண்ணைக் கோடிட்டு அடித்து, அருகே புதிய எண்ணை எழுதிக் கையெழுத்திடுவான். பழையது புலப்பட்டே இருக்கும். ஏட்டுச் சுவடி பார்ப்பார் இவ்வேற்றுமையை நன்கறிவர். அடித்தெழுதிய எழுத்தை வாசித்துவிடலாம். செல்லரித்த இடத்தை யார் வாசிப்பார்? பூச்சு செய்த தீங்கு இதுவே. அது பொய் எழுதியது என்று சொல்ல இயலாது. மெய்யைச் சரிபார்க்கும் வழியை அடைத்துவிட்டது என்று சொல்லலாம்.

மக்கள் வீதியில் இறங்கினர். கமிஷன் தலைவராகிய ஜேன் ஆன்சா அம்மையார் பதவி விலகவேண்டும் என்று மாதக்கணக்காக ஊர்வலங்கள் நடந்தன. இவற்றை வெறும் வீரச்செயலாகப் புகழ்ந்துவிட்டுச் செல்ல என் மனம் ஒருப்படவில்லை. 2019 அக்டோபரில் தலைநகரை அடுத்த ம்சுண்ட்வே என்னுமிடத்தில் ஒரு போலீஸ்காரர் கல்லெறியுண்டு மாண்டார். அதன்பின் போலீஸாரே அவ்வூர்ப் பெண்களை மானபங்கம் செய்தனர். தேர்தலில் எழுந்த ஐயத்துக்கு, அதனோடு யாதொரு தொடர்புமில்லாத பெண்கள் விலைகொடுத்தனர்.

சக்வேராவும் சிலிமாவும் வழக்குத் தொடுத்தனர். ஐந்து நீதிபதிகள் கூடி விசாரித்தனர். விசாரணை வானொலியில் ஒலிபரப்பப்பட்டது; சந்தைகளிலும் வண்டிகளிலும் மக்கள் அதனைக் கேட்டிருந்தனர். சாட்சியின் தடுமாற்றமும் வக்கீலின் குறுக்கு வினாவும் படித்தவர் படியாதவர் எல்லார் செவிக்கும் எட்டின. ஊர்வலங்களைவிட இவ்வொலிபரப்பே மக்கள் மனத்தைத் தெளிவித்தது என்பது என் கருத்து. நீதிபதிகளுக்குக் கைக்கூலி கொடுக்கும் முயற்சியும் நடந்தது. அவர்கள் அதனை மேலிடத்துக்கு அறிவித்தனர். வங்கித் தொழிற் செல்வர் ஒருவர் அக்குற்றத்துக்காக 2021-இல் தண்டனை பெற்றார். 2020 பெப்ரவரி 3-ஆம் நாள் நீதிபதிகள் குண்டு துளைக்காத அங்கியணிந்து, இராணுவக் காவலோடு நீதிமன்றம் புகுந்தனர். ஏறக்குறைய 500 பக்கங் கொண்ட தீர்ப்பின் சாரத்தை நாள் முழுதும் வாசித்தனர். தேர்தல் செல்லாது, 150 நாளுக்குள் மறு தேர்தல் நடத்துக என்பதே அதன் முடிவு.

இத்தீர்ப்பில் இரண்டு செய்திகள் ஊன்றி நோக்கற்பாலன. முதலாவது, நீதிபதிகள் சக்வேராவே வென்றவர் என்று கூறவில்லை. முறைகேடுகள் நாடெங்கும் பரவிக் கொடியனவாயிருத்தலின், வென்றவர் இன்னார் என அம்முடிவைக்கொண்டு அறிய இயலாது என்றே கூறினர். திருடனைப் பிடித்தாலன்றி வழக்கு நிற்காது என வாதித்தவர்க்கு இது பெருத்த அடியாயிற்று. கணக்குக் காட்டவேண்டிய பொறுப்பு கணக்கனுடையதன்றோ?

இரண்டாவது செய்தி, தமிழ் பயில்வார்க்குத் தனிச் சுவை பயப்பது; ஏனெனில் அது ஒரு சொல்லின் பொருள் பற்றியது. ஜனாதிபதி வாக்காளருள் 'பெரும்பான்மையோரால்' தெரிந்தெடுக்கப்படவேண்டும் என்று அந்நாட்டு அரசியற் சட்டம் கூறுகின்றது. ஏனையோரினும் மிகுதி பெற்றாற் போதும் என்பது முன்னொரு வழக்கிற் கண்ட பொருள். 2014-இல் முதரிகா 36.4 விகிதமே பெற்றுப் பதவியேற்றது அவ்வுரையின் பயன். 2020-இல் நீதிபதிகள் அவ்வுரையை மறுத்து, பாதிக்கு மேற்பட்டதே பெரும்பான்மை எனப் பொருள் கண்டனர். சூத்திரம் ஒன்றே, உரை வேறுபட்டது, ஒரு நாட்டின் ஆட்சியே மாறிற்று. உரையாசிரியர்களின் பூசல் உலகியலுக்கு உதவாது என்று நம்மை எள்ளும் விஞ்ஞான மாணவ நண்பர்கள் இதனைச் சற்றே கருதுவாராக!

இஃது ஆப்பிரிக்க நாடுகளுக்கே உரிய குறை என எண்ணுதலும் தவறு. 2016-இல் ஆஸ்திரிய நாட்டு ஜனாதிபதித் தேர்தலில் வேறுபாடு 30,863 வாக்குகள். தபால் வாக்குகளை முறைப்படி பிரித்தெண்ணாத குற்றம் தொட்டவையோ 77,926. எவரும் மாற்றி எண்ணியதாக மெய்ப்பிக்கப்படவில்லை. ஆயினும் நீதிமன்றம் தேர்தலைத் தள்ளிற்று. மறு தேர்தலிலும் முன்னவரே வென்றார். அமெரிக்காவில் 2020 தேர்தலுக்குப்பின் தொடுக்கப்பட்ட அறுபதுக்கு மேற்பட்ட வழக்குகள் சான்றின்மையால் ஏறக்குறைய எல்லாமே வீழ்ந்தன. எனினும் ஐயம் அடங்காது 2021 ஜனவரி 6-ஆம் நாள் சட்டசபை மாளிகைக்குள் கூட்டமாகப் புகுந்தது. ஐயம் என்ற பெயர் ஒன்றாயினும், தாளைக் காட்டி வினவும் ஐயம் வேறு, விடை வந்தபின்னும் ஓயாத ஐயம் வேறு.

மலாவியின் மறு தேர்தல் 2020 ஜூன் 23-இல் நடந்தது. தொற்றுநோய்க் காலமாதலின் அயல்நாட்டுப் பார்வையாளர் பெரும்பாலும் வரவில்லை. அவர்கள் வந்து பொதுவாக நன்மொழி கூறிச் சென்ற 2019 தேர்தல் தள்ளுண்டது. வாராத தேர்தல் நின்றது. சக்வேரா 58.57 விகிதம் பெற்றார். கென்யா நாட்டில் 2017-இல் இவ்வாறே ஒரு தேர்தல் தள்ளப்பட்டதெனினும், மறு தேர்தலில் எதிர்க்கட்சியார் வென்றது ஆப்பிரிக்காவில் இதுவே முதன்முறை.

போதகர் ஆட்சிக்கு வந்தமையால் நாடு செழித்துவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். விலைவாசி ஏறிற்று, எரிபொருளும் அன்னிய நாணயமும் அருகின, ஊழற் குற்றச்சாட்டுகளும் எழுந்தன. சிலிமா 2024-இல் விமான விபத்தில் இறந்தார். 2025 செப்டம்பர் 16-ஆம் நாள் மீண்டும் தேர்தல் வந்தபோது, 85 வயது நிரம்பிய முதரிகாவே 56.8 விகிதம் பெற்று வென்றார். கமிஷன், சட்டம் அளித்த எட்டு நாளையும் எடுத்துக்கொண்டு முடிவை வெளியிட்டது. அவ்வறிவிப்பு வருமுன்னரே சக்வேரா தம் தோல்வியை மக்களுக்கு உரைத்தார். அக்டோபர் 4-ஆம் நாள் முதரிகா பதவியேற்றார். அவரோடு உபஜனாதிபதியாக நின்று வென்றவர், 2019-இல் தேர்தல் கமிஷன் தலைவராயிருந்த அதே ஜேன் ஆன்சா அம்மையார்.