பட்டம் பெற்ற பிள்ளை படையில் சேர நினைத்தால்

மீளக்குடியமர்ந்த கிராமமொன்றில் மாலைக் கூட்டம் முடிந்து எழும்பும் வேளையில் ஒரு தகப்பனார் எம்மை மறித்தார். "மகன் பயோ படிச்சுப் பட்டம் எடுத்தவன். இப்ப முப்பது வயசாகுது. மூண்டு நேர்முகத்துக்குப் போட்டு வந்திட்டான். இப்ப ஆமியில சேரப்போறன் எண்டு நிக்கிறான். நான் ஓம் எண்டும் சொல்லேல்லை, வேண்டாம் எண்டும் சொல்லேல்லை. நீங்கள் சொல்லுங்கோ" என்றார். அவரது நெற்காணி அன்றைக்கும் படைமுகாம் வேலிக்குள்ளேயே இருந்தது.

அன்று எம்மால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. இக்கேள்வி அவருடைய வீட்டில் மட்டும் எழும் கேள்வியன்று. ஆகவே இதனை ஒரு பாடமாக எடுத்துக்கொண்டு, குழுவாக இருந்து வாசித்துக் கலந்துரையாடக்கூடிய முறையில் இங்கே தருகின்றோம். சேர் என்றோ சேராதே என்றோ கட்டளையிடுவது எமது நோக்கமல்ல. தெரிந்துகொண்டு முடிவெடுக்க உதவுவதே நோக்கம்.

1. ஏன் முப்பது வயதில்?

எமது பிள்ளைகள் பிந்திப் பட்டம் பெறுவது அவர்களுடைய சோம்பலினால் அல்ல. இடப்பெயர்வு பள்ளிக்கூட வருடங்களைத் தின்றது. 2008, 2009 ஆம் ஆண்டுகளில் மரத்தடியிலும் பதுங்குகுழியிலும் பின்னர் மெனிக் பாம் முகாமிலும் படித்த பிள்ளைகள் எங்களிடம் உண்டு. உயர்தரத்தை இரண்டாம், மூன்றாம் தடவை எழுதிப் பல்கலைக்கழகம் போய், நான்கு வருடப் படிப்பை ஐந்து, ஆறு வருடங்களில் முடித்து வெளியே வரும்போது வயது இருபத்தெட்டு ஆகிவிடுகிறது. அதன்பின் அரச நியமனத்துக்குக் காத்திருப்பு. 2017 ஆம் ஆண்டில் வடக்கின் வேலையற்ற பட்டதாரிகள் நியமனம் கேட்டு மாதக்கணக்கில் வீதியோரம் இருந்ததை நாம் கண்டோம்.

விஞ்ஞானம் படித்தவருக்கு வன்னியில் தொழிலிடமும் குறைவு. குளோரினும் எரிசோடாவும் செய்த பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை போரோடு மூடப்பட்டது. ஆனையிறவு உப்பளமும் நீண்டகாலம் பாழாய்க் கிடந்தது. ஆய்வுகூடம் இல்லாத இடத்தில் இரசாயனம் படித்தவர் எங்கே போவார்? ஆகவே சம்பளமும் சாப்பாடும் ஓய்வூதியமும் தரும் ஒரு வேலை கண்ணில் பட்டால் பிள்ளை அதைத் திரும்பிப் பார்ப்பது இயற்கை. இதை முதலில் நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். விளங்காமல் ஏசுவதால் பயனில்லை.

2. வெளியுலகம் காட்டும் நான்கு பேர்

படித்த ஒருவர் வயது போனபின் படையை நாடுவது புதிதல்ல. நான்கு பேருடைய கதையைப் பார்ப்போம்.

முதலாமவர் கார்ல் சுவார்ஸ்சைல்ட். ஜேர்மனியின் பொற்ஸ்டாம் வானாய்வு நிலையத்தின் பணிப்பாளர். முதலாம் உலகப்போர் 1914 இல் தொடங்கியபோது அவருக்கு நாற்பது வயது கடந்திருந்தது. யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. தானாகவே போய்ச் சேர்ந்தார். படை அவரை வானிலை நிலையத்திலும், பீரங்கிக் குண்டு எங்கே விழும் என்று கணக்குப் பார்க்கும் வேலையிலும் வைத்தது. போர்முனையில் இருந்தபோது, ஐன்ஸ்டைனின் புதிய ஈர்ப்புக் கொள்கைக்கு முதலாவது சரியான தீர்வை 1915 இன் இறுதியில் எழுதி அனுப்பினார். அங்கேயே கடுமையான தோல் நோய் அவரைப் பிடித்தது. 1916 மே மாதத்தில் தமது 42 ஆவது வயதில் இறந்தார்.

இரண்டாமவர் ஹென்றி மோஸ்லி, ஆங்கிலேயர். மூலகங்களுக்கு அணுவெண் எவ்வாறு அமைகிறது என்பதை எக்ஸ்-கதிர் கொண்டு 1913 இல் காட்டியவர். இன்று எமது பிள்ளைகள் பத்தாம் வகுப்பில் படிக்கும் ஆவர்த்தன அட்டவணையின் ஒழுங்கு அவருடைய வேலையால் உறுதியானது. அவர் பொறியியல் படைப்பிரிவில் சமிக்ஞை அதிகாரியாகச் சேர்ந்தார். 1915 ஓகஸ்ட் 10 ஆந் திகதி துருக்கியின் கலிப்பொலியில் கொல்லப்பட்டார். வயது 27. இப்படிப்பட்ட ஒருவரைப் போர்முனைக்கு அனுப்பியது பெரும் வீண் என்று அவருடைய ஆசிரியர் ரதர்போர்ட் வருந்தி எழுதினார். இரண்டாம் உலகப்போரில் பிரித்தானியா தனது விஞ்ஞானிகளைப் பெரும்பாலும் ராடார் போன்ற ஆய்வு வேலைகளில் வைத்திருந்தது.

மூன்றாமவர் லூயிஸ் றிச்சட்சன். வானிலையைக் கணக்கால் முன்கூட்டிச் சொல்லலாம் என்று முயன்றவர். ஆயுதம் தூக்குவதில்லை என்பது அவருடைய சமயக் கொள்கை. ஆயினும் வீட்டில் இருக்க மனம் வரவில்லை. 1916 இல், முப்பத்தைந்து வயதளவில், பிரான்சில் நோயாளர் காவு வண்டிச் சாரதியாகப் போய்ச் சேர்ந்தார். காயப்பட்டோரை ஏற்றிய வேலைக்கு இடையில், வைக்கோற் படுக்கையில் இருந்தபடியே ஆறு மணித்தியால வானிலையைக் கையால் கணித்தார். அந்தக் கணக்குப் பிழைத்துவிட்டது. ஆனால் வழி சரியானது. அவர் 1922 இல் நூலாக வெளியிட்ட அதே வழியில்தான் இன்று கணினிகள் வானிலையைக் கணிக்கின்றன. காலபோகத்துக்கு விதைக்க முன்னர் மழை வருமா என்று நாம் வானொலியில் கேட்கும் செய்திக்குள் அந்தச் சாரதியின் உழைப்பும் இருக்கிறது. போருக்குப்பின் அவர் வேலை செய்த வானிலை அலுவலகம் வான்படை அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டபோது, 1920 இல் அவ்வேலையை விட்டு விலகினார்.

நான்காமவர் எமக்கு அயலவர். இராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாம். திருச்சியில் பௌதிகமும் சென்னையில் விமானப் பொறியியலும் படித்தவர். இந்திய விமானப்படையில் விமானியாக வேண்டும் என்பது அவரது கனவு. டேராடூனில் நடந்த தேர்வில் எட்டு இடங்கள் இருந்தன. அவர் ஒன்பதாவதாக வந்தார். மனமுடைந்து திரும்பியவர் 1958 இல் பாதுகாப்புத்துறையின் தொழில்நுட்பப் பிரிவொன்றில் பொறியியலாளராகச் சேர்ந்தார். ஏவுகணைகள் செய்து பெயர் பெற்றார். 2002 இலிருந்து 2007 வரை இந்தியக் குடியரசுத் தலைவராகவும் இருந்தார்.

இந்நால்வரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடியது என்ன? படித்தவருக்குப் படை ஒரே மாதிரியான இடம் கொடுப்பதில்லை. ஒருவருக்குக் கணக்கு வேலை, ஒருவருக்குப் போர்முனை, ஒருவருக்குக் கதவடைப்பு. எங்கே வைப்பது என்பதைச் சேருபவர் தீர்மானிப்பதில்லை, படையே தீர்மானிக்கிறது. றிச்சட்சன் மட்டும் தான் எதைச் செய்வேன், எதைச் செய்யமாட்டேன் என்பதை முதலே தீர்மானித்துவிட்டுப் போனார்.

3. எமது மண்ணில்

வன்னியில் "படை" என்ற சொல்லுக்குக் கனம் அதிகம். போரின் கடைசி வருடங்களில் விடுதலைப் புலிகள் வீட்டுக்கு ஒருவரைக் கட்டாயமாகக் கொண்டுபோனதை மறந்த தாய்மார் இல்லை. அரச படையின் ஷெல்லுக்கு ஓடியதையும் மறந்தவர் இல்லை. அதன்பின் சொந்தக் காணிக்குத் திரும்ப முடியாமல் வேலிக்கு வெளியே நின்றோம். முல்லைத்தீவு பிலக்குடியிருப்பு மக்கள் 2017 இன் தொடக்கத்தில் ஒரு மாதமளவில் இரவும் பகலும் வீதியோரம் இருந்த பின்னரே தமது காணிகளைப் பெற்றார்கள். ஆகவே இங்கே ஒருவர் சீருடை போடுவது வெறும் தொழில் விடயமாக முடிவதில்லை.

இருந்தும் நம்மவர் சேர்ந்திருக்கிறார்கள். 2012 நவம்பரில் கிளிநொச்சி பாரதிபுரத்தில் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் யுவதிகள் இராணுவத்தில் சேர்க்கப்பட்டனர். எழுதுவினைஞர் வேலை என்று சொல்லித்தான் கூப்பிட்டார்கள் எனச் சில குடும்பத்தினர் கூறினர். கட்டாயமோ ஏமாற்றோ இல்லை என்று இராணுவம் கூறியது. எது எவ்வாறாயினும் எமக்கான பாடம் ஒன்றே. என்ன வேலை என்பதை எழுத்தில் காணாமல் கையெழுத்து வைக்கக்கூடாது.

2006 இல் அமைக்கப்பட்ட சிவில் பாதுகாப்புத் திணைக்களம் போருக்குப்பின் வன்னியில் ஆயிரக்கணக்கானோரைப் பண்ணை வேலைக்கும் முன்பள்ளி ஆசிரியைகளாகவும் எடுத்தது. அங்கே கிடைத்த சம்பளம் வெளியே இருந்த முன்பள்ளி ஆசிரியைகள் பெற்றதிலும் மிகக் கூட. "பிள்ளைகளின் கல்வி பாதுகாப்புத் துறையின் கீழ் இருக்கலாமா?" என்று ஒரு பகுதியினர் கேட்டனர். "எங்கள் அடுப்பு எரிவது இதனால்தான்" என்று மறுபகுதியினர் சொன்னார்கள். 2018 இல் விசுவமடுப் பண்ணையின் பொறுப்பதிகாரி ஒருவர் மாற்றலாகிப் போனபோது, முன்னாள் போராளிகள் உட்பட அங்கு வேலை செய்த எம்மவர் பலர் அழுது வழியனுப்பினார்கள். அதைக் கண்டு கோபித்தவர்களும் உண்டு. இரண்டும் உண்மை. வறுமைப்பட்ட குடும்பம் தனக்குச் சோறு தந்த மனிதரை மதிப்பது குற்றமல்ல. அதே குடும்பம் தன் காணியைக் கேட்பதும் குற்றமல்ல.

4. கையெழுத்து வைக்க முன்னர் விசாரிக்க வேண்டியவை

(அ) எந்தப் பிரிவு? நிரந்தரப் படையா, தொண்டர் படையா, சிவில் பாதுகாப்புத் திணைக்களமா? மூன்றும் வேறு வேறு. சம்பளமும் உரிமைகளும் வேறு.

(ஆ) எந்தத் தரம்? பட்டதாரி என்பதற்காக அதிகாரித் தரம் தானாக வராது. பட்டச் சான்றிதழ் கணக்கில் எடுக்கப்படுகிறதா, இல்லையேல் சாதாரண சிப்பாயாகவா என்று கேட்க வேண்டும்.

(இ) வயது. சாதாரண ஆட்சேர்ப்பு இளவயதினருக்கானது. தொழில் தகைமை உள்ளோருக்கு எல்லையைத் தளர்த்துவது பல நாடுகளில் வழக்கம். உதாரணமாக இந்தியாவில் பொறியியல் பட்டதாரிகளுக்கான வழியில் 27 வயது வரையும், பகுதிநேரப் பிரதேசப் படையின் அதிகாரிகளுக்கு 42 வயது வரையும் இடமுண்டு. இங்கே வர்த்தமானியிலோ பத்திரிகையிலோ வந்த அறிவித்தலைப் பிள்ளையே வாசிக்க வேண்டும். இடைத்தரகர் சொல்வதை நம்பிப் பணம் கொடுக்கக்கூடாது.

(ஈ) ஓய்வூதியம். எத்தனை வருடச் சேவைக்குப்பின்? இருபது வருடம் என்றால் முப்பதில் சேர்ந்தவர் ஐம்பதில்தான் அதைப் பெறுவார். இடையில் விலகினால் என்ன நடக்கும்? அரசாங்கம் 2023 ஜனவரியில் இராணுவத்தின் தொகையை இரண்டு இலட்சமளவிலிருந்து 2030 இல் ஒரு இலட்சமாகக் குறைக்கப்போவதாக அறிவித்தது. ஆகவே "ஆமி வேலை அசையாது" என்ற பழைய எண்ணத்தையும் மீள யோசிக்க வேண்டும்.

(உ) விலகும் உரிமை. சாதாரண வேலையை விடுவதுபோல் படையை விட முடியாது. சொல்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டால் அது தப்பியோடிய குற்றம். மறியலுக்கும் போகவேண்டி வரலாம். இதைப் பலர் அறியாமல் சேருகிறார்கள்.

(ஊ) உடலும் மொழியும். முப்பது வயதுக்காரர் பத்தொன்பது வயதினரோடு ஓடவேண்டி வரும். கட்டளைகள் பெரும்பாலும் சிங்களத்தில். தன்னிலும் பத்து வயது குறைந்தவரின் கட்டளைக்குப் பணிய மனம் இடங்கொடுக்குமா என்று பிள்ளை தன்னையே கேட்க வேண்டும்.

5. வேறு வாசல்கள்

படை ஒன்றே வழி என்று பிள்ளை நினைப்பதற்கு, மற்ற வாசல்களை நாம் காட்டாததும் ஒரு காரணம். கிராமப் பாடசாலைகளில் கணிதம், விஞ்ஞானம் படிப்பிக்க ஆளில்லாத குறை இன்றும் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது. வவுனியா வளாகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமானது. மேற்படிப்புக்கும் ஆய்வு உதவியாளர் வேலைக்கும் அங்கே விசாரிக்கலாம். மண் பரிசோதனை, கிணற்று நீரின் உவர்த்தன்மை, நெல்லின் பூச்சிநோய் ஆகியவற்றைப் பற்றி எமது விவசாயிகள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல உயிரியலும் இரசாயனமும் தெரிந்த ஒருவர் வேண்டும். இரணைமடுவின் கீழ் விதைநெல் உற்பத்தி செய்யும் விவசாயிகளோடு சேர்ந்து அப்படியொருவர் பிழைக்கலாம். முதல் இரண்டு போகங்களுக்குக் கை கடிக்கும். அந்தக் காலத்தைத் தாங்க விவசாயிகள் சங்கம் கைகொடுக்க வேண்டும்.

6. பெற்றோருக்கு

கடனை அடைப்பதற்காகப் பிள்ளையைப் படைக்குத் தள்ளாதீர்கள். ஊர் என்ன சொல்லும் என்பதற்காக மறிக்கவும் வேண்டாம். சேர்ந்த பிள்ளையின் வீட்டைத் துரோகி வீடு என்று ஒதுக்குவது, ஒரு காலத்தில் எம்மைப் பிரித்த அதே வழக்கந்தான். முப்பது வயதுப் பிள்ளை தன் வாழ்க்கைக்குத் தானே கையெழுத்து வைக்கட்டும். அதற்கு முன் மேலே சொன்ன ஆறு விடயங்களையும் ஒரு கொப்பியில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பதில் தேடி வரச் சொல்லுங்கள்.

அந்தத் தகப்பனாரிடம் பிறகொரு நாள் நாம் சொன்னதும் இதுதான். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப அவனோட இருந்து கதைக்கவேணும். இவ்வளவு நாளும் நான் அவனைப் பாத்து முகத்தைத் திருப்பினதுதான் கூட" என்றார். எழுதுவதற்கு ஒரு பழைய கொப்பியையும் எம்மிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

கலந்துரையாடலுக்கு:

1. எமது கிராமத்தில் பட்டம் பெற்றும் வேலையில்லாமல் இருப்போர் எத்தனை பேர்? அவர்களுடைய பாடங்கள் எவை?

2. நால்வருடைய கதைகளில் எது எமது பிள்ளைகளின் நிலைமைக்குக் கிட்ட வருகிறது? ஏன்?

3. எமது காணியை வைத்திருக்கும் ஒரு படையில் எமது பிள்ளை வேலை செய்வதை நாம் எவ்வாறு பார்க்கிறோம்? வேறுபட்ட கருத்துள்ளவர்கள் ஒருவர் சொல்வதை மற்றவர் முடியும்வரை கேளுங்கள்.

4. ஒரு விஞ்ஞானப் பட்டதாரியை எமது விவசாயிகள் சங்கம் ஒரு வருடத்துக்கு வைத்திருக்க வேண்டுமானால் ஒவ்வொரு குடும்பமும் ஒரு போகத்துக்கு எவ்வளவு நெல் கொடுக்க வேண்டும்? கணக்குப் பாருங்கள்.