டி.வி. மேடையில் நம் பிள்ளை

பாட்டு எல்லோருக்கும் பிடிக்கும். ஆட்டமும் பிடிக்கும். டி.வி.யில் ஒரு சிறுமி பாடினால் கைவேலையை விட்டுவிட்டுப் பார்க்கிறோம். நம் பிள்ளையும் இப்படிப் பாடாதா என்று ஆசைப்படுகிறோம்.

நம் ஹைதராபாதில் 1995-இல் ஈ.டி.வி. தெலுங்கு சானல் தொடங்கியது. 1996-இல் அதில் ‘பாடுதா தீயகா’ என்ற பாட்டுப் போட்டி வந்தது. ‘இனிமையாகப் பாடுவேன்’ என்பது இதன் பொருள். பாடகர் எஸ்.பி. பாலசுப்பிரமணியம் இதை நடத்தினார். பிள்ளைகளின் தவறுகளைப் பொறுமையாகத் திருத்தினார். 2020-இல் அவர் காலமானார். பிறகு அவர் மகன் சரண் நடத்தினார். 2009-இல் அதே சானலில் ‘டீ’ என்ற நடனப் போட்டி வந்தது. தெலுங்கில் ‘டீ’ என்றால் மோதல்.

மேடையில் வெளிச்சம் இருக்கிறது. கைதட்டல் இருக்கிறது. அதற்குப் பின்னால் ஒத்திகை இருக்கிறது. படப்பிடிப்பு இருக்கிறது. பிள்ளை களைத்துப் போகலாம். படிப்பும் கெடலாம்.

இதற்குச் சட்டம் இருக்கிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-இல் திருத்தப்பட்டது. 2017-இல் விதிகள் வந்தன. 14 வயது நிரம்பாத பிள்ளைகளுக்கு அவை சொல்வது:

• ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது.
• ஓய்வு இல்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது.
• தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. படிப்பு நிற்கக் கூடாது.
• நிகழ்ச்சி நடத்துபவர் மாவட்ட கலெக்டரிடம் அனுமதி வாங்க வேண்டும்.
• பிள்ளையின் வருமானத்தில் 100 ரூபாய்க்கு 20 ரூபாயாவது பிள்ளை பெயரில் வங்கியில் போட வேண்டும். 10,000 ரூபாய் என்றால் 2,000 ரூபாய்.
• பிள்ளைக்கு விருப்பம் இல்லாவிட்டால் கட்டாயப்படுத்தக் கூடாது.

வயதுக்குப் பொருந்தாத ஆபாச அசைவுகளைப் பிள்ளைகள் ஆடுவதைக் காட்ட வேண்டாம் என்று 2019-இல் மத்திய அரசு சானல்களுக்கு அறிவுறுத்தியது.

பிள்ளை தேர்வானால் ஒரு படிவம் தருவார்கள். “இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா” என்பார்கள். அவசரப்படாதீர்கள். முன்பு நாம் கைநாட்டு வைத்தோம். இப்போது நமக்குப் படிக்கத் தெரியும். எத்தனை நாள்? எத்தனை மணி நேரம்? எவ்வளவு பணம்? தேடிப் படியுங்கள். படிவம் ஆங்கிலத்தில் இருந்தால், நம்பிக்கையான ஒருவரைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். ஒரு நகல் கேட்டு வாங்குங்கள்.

பிள்ளைக்குத் தொல்லை என்றால் 1098-க்குப் போன் செய்யுங்கள். காசு இல்லை.

தோற்ற பிள்ளை அழுதுகொண்டு வரும். திட்டாதீர்கள். “நீ நல்லா பாடினே கண்ணு” என்று சொல்லுங்கள். நாளைக்கும் அது பாட வேண்டும்.

பதில் எழுதுங்கள்:
1. ஒரு நாளில் எத்தனை மணி நேரம் வேலை செய்யலாம்?
2. பிள்ளைக்கு 5,000 ரூபாய் கிடைத்தது. வங்கியில் எவ்வளவு போட வேண்டும்?
3. கையெழுத்துப் போடும் முன் என்ன பார்ப்பீர்கள்?