மழையும் மாநகரும்

வங்கக்கடலோரம் அமைந்த சென்னை, வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த நகரம். கோடையில் வெப்பநிலை 40 பாகை செல்சியசைத் தாண்டுவதுண்டு. காற்றிலுள்ள ஈரம் வியர்வையை எளிதில் உலரவிடாததால் புழுக்கம் மிகும். பிற்பகலில் வீசும் கடற்காற்றே அதனைத் தணிக்கும்.

தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துவிடுகிறது. ஆதலால், ஆண்டு மழையான ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டரில் பெரும்பங்கை அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையே தருகிறது. புயல்கள் மிகுதியாகத் தாக்கும் காலமும் இதுவே. சில நாள்களில் கொட்டித் தீர்க்கும் மழையை ஆண்டு முழுமைக்கும் சேமிக்கவே முன்னோர் ஏரி, குளங்களை அமைத்தனர். மிகுதி நீர் சதுப்புநிலங்களில் பரவி, மெல்லக் கடலைச் சேர்ந்தது.

நகரம் விரிய விரிய நீர்நிலைகள் சுருங்கின. பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் பெரும்பகுதி கட்டடங்களாகவும் குப்பைமேடாகவும் மாறியது. 2015 டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்துக் குடியிருப்புகளைச் சூழ்ந்தது. 2019 கோடையிலோ, குடிநீர் ஏரிகள் வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் நீர் வந்தது. நான்கே ஆண்டுகளில் வெள்ளத்தையும் வறட்சியையும் கண்ட நகரம் உணர்த்துவது ஒன்றே: மழை பெய்தால் மட்டும் போதாது, அது தங்குவதற்கு இடமும் வேண்டும்.